மின்சார ஊர்தியும் நாட்டியல்பும்

ஒரு பெயரால் வழங்கும் பொருள் எங்கும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுதல் மக்கள் இயல்பு. அவ்வெண்ணம் பல இடங்களிற் பிழைபடுகின்றது. சொல்லுக்கு இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும் என்று தமிழாசிரியர் நமக்கு நாள்தோறும் அறிவுறுத்துகின்றனர். நூற்சொல்லுக்கு மட்டுமன்றி, பெருவிலை கொடுத்து வாங்கும் மின்சார மோட்டார் வண்டிக்கும் அவ்விதி பொருந்தும் என்பதனைச் சென்ற கோடை விடுமுறையில் நாம் கண்டோம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி நமது சொந்த ஊர். அங்கே உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்கு முதல்நாள் மாலையில், திண்ணையில் ஒரு சொற்போர் எழுந்தது. சென்னையில் வாழும் நம் சிற்றப்பா, மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தாரின் இ.க்யூ.எஸ். 580 என்னும் மின்சார வண்டியைப் புகழ்ந்து, "ஒருமுறை மின்னேற்றினால் 857 கிலோமீட்டர் ஓடும்" என்றார். அமெரிக்காவினின்று வந்திருந்த அத்தான் நகைத்து, "அவ்வண்டி 547 கிலோமீட்டரே ஓடும், யாரோ உங்களை ஏமாற்றிவிட்டனர்" என்றார். இருவரும் தத்தம் கைப்பேசியில் அச்சான கணக்கைக் காட்டினர். இருவர் கணக்கும் அரசாங்கம் ஒப்பிய கணக்கே!

இவ்வழக்கு முடியுமுன், வடகாட்டில் பலாவும் பூவும் பயிரிடும் பெரியவர் ஒருவர் நம்மை நோக்கி, "தம்பி, எத்தனை மைல் ஓடுமென்பது கிடக்கட்டும். கஜாப் புயலிலே மரமெல்லாம் சாய்ந்து, கம்பமெல்லாம் விழுந்து, வாரக்கணக்காய் இருட்டிலே கிடந்தோமே. அப்படி இன்னொரு நாள் வந்தால் இந்த வண்டி வீட்டுக்கு விளக்கெரிக்குமா?" என்று வினவினார். ஒருவரும் விடை கூறவில்லை. நாமும் அறியோம். கல்லூரிக்குத் திரும்பியபின் இவ்விரு செய்திகளையும் ஆராயத் தொடங்கினோம்.

முதற்கண் 857-உம் 547-உம் எவ்வாறு ஒருங்கே மெய்யாகும் எனக் காண்போம். இ.க்யூ.எஸ். 580 வண்டி, ஜெர்மனிக்கு வெளியே முதன்முதலாக நம் நாட்டில், புனே நகரை அடுத்த சாக்கனில், 2022ஆம் ஆண்டு பூட்டி இணைக்கப்பட்டது. அதன் மின்கலம் 107.8 கிலோவாட் மணி, அதாவது ஏறத்தாழ 108 யூனிட் மின்சாரம் கொள்வது. அமெரிக்காவில் விற்ற வண்டியின் மின்கலமும் அவ்வளவினதே. வேறுபட்டது மின்கலம் அன்று, அளக்கும் முறையே.

இந்தியச் சோதனையில் வண்டி மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் விரைவதில்லை. ஐரோப்பியச் சோதனையிலோ 131 கிலோமீட்டர் வரை விரைகின்றது. சீனர் 114 கிலோமீட்டரை மேல்வரம்பாகக் கொண்டனர். ஜப்பானியர் ஐரோப்பிய முறையைத் தழுவினும், அதன் மிகுவிரைவுப் பகுதியை நீக்கிவிட்டனர். அமெரிக்கரோ நகர்ச்சாலை ஓட்டமும் நெடுஞ்சாலை ஓட்டமும் அளந்தபின், வெயில், குளிர், அவசரம் ஆகியவற்றால் நேரும் இழப்பைக் கருதி, வந்த தொகையிற் பெரும்பாலும் பத்தில் மூன்று பங்கைக் கழித்துவிடுகின்றனர். விரைவு மிகுந்தோறும் காற்றின் எதிர்ப்பும் மிகும். அதனால் மின்சாரம் விரைந்து செலவாகும். ஆதலின் அதே வண்டிக்கு இந்தியாவில் 857 என்றும், ஐரோப்பாவில் ஏறத்தாழ 670 என்றும், அமெரிக்காவில் 340 மைல், அஃதாவது 547 கிலோமீட்டர் என்றும் கணக்கு எழுந்தது. முற்காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டிருந்ததை முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். ஓரூர் மரக்காலால் அளந்த நெல்லை வேற்றூர் மரக்காலால் அளந்து, குறைந்தது என்று பூசலிடுவார் உளரோ? நம் சிற்றப்பாவும் அத்தானும் அதனையே செய்தனர்.

அளவை வேறுபடுதல் இருக்கட்டும். வண்டியின் உறுப்புக்களே நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. இதனை ஆராயும்போது தொல்காப்பியனார் வகுத்த முறை நம் நினைவிற்கு வந்தது. அவர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக்கி, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், மக்கள் ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் வைத்தார். அகத்திணை இலக்கணத்தை இயந்திரத்தின்மேல் ஏற்றுவது நம் கருத்தன்று. ஆயினும், எப்பொருளையும் அது நிற்கும் நிலத்தோடு சேர்த்தே காணும் அம்முறை இங்கு நல்ல வழிகாட்டியாகும்.

நிலத்தையும் பொழுதையும் முதலிற் கொள்வோம். நார்வே நாட்டில் 2024ஆம் ஆண்டு விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 88.9 மின்சார வண்டிகளே. அந்நாடோ பனி மூடிய நாடு. கடுங்குளிரில் மின்கலத்தினுள் நிகழும் வேதியியற் செயல் மந்தப்படும். வண்டியின் உள்ளிடத்தைச் சூடாக்கவும் மின்சாரம் செலவாகும். ஆதலின் வெளிக்காற்றிலுள்ள சிறு வெப்பத்தையும் இழுத்து உள்ளே தரும் வெப்பவிசைக் கருவியும், சூடேறும் இருக்கையும், சூடேறும் கைச்சக்கரமும் அங்கே சொகுசு என்பதினும் தேவை எனல் பொருந்தும். அவ்விருக்கைச் சூட்டை ஆலங்குடிக் கத்திரி வெயிலில் யார் வேண்டுவர்? இங்கு வேண்டப்படுவது துளைகளின் வழியே குளிர்காற்று வீசும் இருக்கையும், மின்கலத்தைக் குளிர்விக்கும் நல்ல ஏற்பாடுமே. மிகுவெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். மின்கலம் வண்டியின் அடித்தளத்தில் பரந்து கிடத்தலின், வேகத்தடை மலிந்த நம் சாலைகளில் அடித்தளத்திற்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் பெரிதும் கருதத்தக்கது.

அடுத்து மக்கள் ஒழுக்கம். ஐரோப்பாவிற் செல்வர் தம் வண்டியைத் தாமே ஓட்டுவது பெருவழக்கு. சீனத்திலும் நம் நாட்டிலும் உடையவர் பின்னிருக்கையில் அமர, ஓட்டுநர் ஓட்டுவதும், பெரியோரைப் பின்னே அமர்த்திக் குடும்பத்தோடு செல்வதும் மிகுதி. இவ்வழக்கம் வண்டியின் நீளத்தையே மாற்றிவிட்டது. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தாரின் ஐ.எக்ஸ்.1 என்னும் மின்சார வண்டி இதற்குத் தக்க சான்று. ஐரோப்பாவில் அதன் முன்பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 2,692 மில்லிமீட்டர். சீனர்க்கென்று அதனை 2,800 மில்லிமீட்டராக நீட்டினர். 2023ஆம் ஆண்டு நம் நாட்டிற்கு இறக்குமதியாகி வந்தது ஐரோப்பிய அளவினதே. அதற்கு 313 குதிரைத்திறன் தரும் இரு மோட்டார்கள் இருந்தன, விலை 66.90 இலட்சம் ரூபாய். 2025ஆம் ஆண்டு சனவரியிலோ, சென்னைக்கு அருகிலுள்ள அந்நிறுவனத்துத் தொழிற்சாலையில் இணைக்கப்பட்ட நீண்ட வண்டி 49 இலட்சம் ரூபாய்க்கு வந்தது. அதில் 204 குதிரைத்திறன் தரும் மோட்டார் ஒன்றே. வேகம் குறைந்தது, பின்னிருக்கையில் கால் நீட்டும் இடம் மிகுந்தது, விலையும் இறங்கிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. ஓட்டுபவன் இதனைக் குறையென்பான். பின்னே அமரும் பாட்டியார் நிறையென்பார். சொகுசு என்பது யாருக்கு என்னும் வினாவுக்கு இரு நாட்டாரும் இருவேறு விடை பகர்ந்தனர் என்பதே இதன் பொருள்.

மூன்றாவதாக, அரசாணை. இது நிலத்தினின்று தானே தோன்றுவதன்று. ஆயினும் நிலத்தைப்போலவே வண்டியை உருவாக்குகின்றது. ஜெர்மனியின் ஆடி நிறுவனத்தார் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட இ-ட்ரான் வண்டியில், பக்கக் கண்ணாடிகளுக்குப் பதிலாகச் சிறு காமிராக்களை வைத்து, கதவின் உட்புறத் திரையிற் பின்காட்சியைக் காட்டும் ஏற்பாடு ஐரோப்பாவில் விலைக்குக் கிடைத்தது. அமெரிக்கச் சட்டம் கண்ணாடியே இருத்தல்வேண்டும் என்றமையால், அங்கு அவ்வண்டி வழக்கமான கண்ணாடியோடே விற்றது. எதிரே வருவார் கண் கூசாவண்ணம் ஒளியில் அப்பகுதியை மட்டும் மறைத்து, ஏனைய இடங்களில் முழுவொளி பாய்ச்சும் முகப்பு விளக்கு ஐரோப்பாவிற் பல ஆண்டு வழக்கிலிருந்தும், அமெரிக்க அரசாங்கத்தார் 2022ஆம் ஆண்டு பிப்ரவரியிலேதான் அதற்கு இசைவளித்தனர். ஓசையின்றிச் செல்லும் மின்வண்டி நடப்போர்க்கு இடர் செய்யும் எனக் கருதி, மெதுவாகச் செல்லுங்கால் செயற்கை ஒலி எழுப்புதல்வேண்டும் என்று இரு கண்டத்தாரும் விதித்தனர். ஐரோப்பாவில் அதன் எல்லை மணிக்கு 20 கிலோமீட்டர்; அமெரிக்காவில் 30 கிலோமீட்டர்.

ஓட்டுபவர் சாலையை நோக்காது வேறு செயலில் ஈடுபட, வண்டியே தன்னைச் செலுத்திக்கொள்ளும் ஏற்பாட்டிற்கு ஜெர்மன் அதிகாரிகள் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் இசைவளித்தனர். நாம் முன்னர்க் கூறிய இ.க்யூ.எஸ். வண்டியில் அது 2022 மே மாதம் முதல் அங்கே விற்கப்பட்டது. அதுவும் குறித்த விரைவுச்சாலைகளில், நெருக்கடி வேளையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வரையே. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு நெவாடா, கலிபோர்னியா ஆகிய இரு மாகாணத்தாரே அதற்கு இடமளித்தனர். இந்திய வண்டியில் அது வழங்கப்படவில்லை. ஆடுமாடுகள் குறுக்கிட, ஓரத்தே நெல்லும் கடலையும் உலர, எதிர்த்திசையில் இருசக்கர வண்டிகள் வரும் நம் சாலையில் அவ்வியந்திர அறிவு என்செய்யும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

மின்னேற்றும் செருகியும் இவ்வாறே. ஐரோப்பாவும் இந்தியாவும் விரைவு மின்னேற்றத்திற்குக் கையாள்வது சி.சி.எஸ். 2 என்னும் வகை. சீனர்க்கும் அமெரிக்கர்க்கும் வேறு வகைகள். ஜப்பானியர் வகுத்தது சாடெமோ எனப்படும். மின்னேறும்வரை தேநீர் அருந்தலாமா என்னும் பொருள் தரும் ஜப்பானியத் தொடரோடு அப்பெயரை இயைத்து வைத்தனராம். வரியும் தன் பங்கைச் செய்கின்றது. நார்வே அரசாங்கத்தார் மின்வண்டிக்கு மதிப்புக்கூட்டு வரியை நெடுநாள் நீக்கியிருந்தனர். 2023ஆம் ஆண்டில் அச்சலுகைக்கு 5,00,000 குரோனர் என்று எல்லை வகுத்தனர். நம் நாட்டிலோ 40,000 டாலருக்கு மேற்பட்ட விலையில் முழுதாக வந்திறங்கும் வண்டிக்குப் பல ஆண்டுகள் நூற்றுக்கு நூறு சுங்கவரி விதிக்கப்பட்டு வந்தது. வண்டியை இங்கேயே இணைப்பதற்கு நிறுவனத்தார் முற்பட்டதற்கு இவ்வரியே பெருங்காரணம்.

இனி, வடகாட்டுப் பெரியவரின் வினாவுக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரைகடந்த கஜாப் புயலின் கொடுமையை ஆலங்குடி வட்டாரத்தார் இன்னும் மறந்திலர். தென்னையும் பலாவும் வேரோடு சாய, சிற்றூர்கள் பல வாரங்கள் மின்சாரமின்றி வருந்தின. இத்தகைய துன்பத்தினின்றே மற்றொரு நாட்டில் ஒரு நற்பயன் விளைந்தது. 2011ஆம் ஆண்டு ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் மின்சாரத்தைக் குலைத்தபின், நிசான் நிறுவனத்தார் தம் லீஃப் வண்டியின் மின்கலத்தினின்று வீட்டிற்கு மின்சாரம் தரும் கருவியை 2012ஆம் ஆண்டில் அங்கே அளித்தனர்.

நம் தமிழ்நாட்டில், திருப்பெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இணைக்கப்பட்டு, 2023 சனவரியில் விலைக்கு வந்த ஹூண்டாய் நிறுவனத்தாரின் ஐயானிக் 5 வண்டியும் தன் மின்கலத்தினின்று வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் தரவல்லது. இங்கும் நாட்டியல்பு குறுக்கிடுகின்றது. அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட். ஆதலின் அங்கு அவ்வண்டி 1.9 கிலோவாட் வரையே தரும். 230 வோல்ட் வழங்கும் நம் நாட்டிலோ 3.6 கிலோவாட் வரை தரும். மின்கலத்தின் கொள்ளளவு அந்நாளில் அமெரிக்காவில் 77.4 கிலோவாட் மணி, இங்கு 72.6 தான். ஒன்றிற் குறைந்து மற்றொன்றில் மிகுந்தது காண்க. நாளொன்றிற்கு ஐந்து யூனிட் செலவிடும் இல்லம் ஒன்றின் விளக்கையும் விசிறியையும் குளிர்பெட்டியையும், முழுதும் நிறைந்த அம்மின்கலம், இழப்பு நீக்கியும், பத்து நாள் அளவு தாங்கும். ஆனால் பூந்தோட்டத்திற்கு நீரிறைக்கும் ஆழ்குழாய்க் கிணற்றின் மும்முனை மோட்டாரை அஃது இயக்காது. ஆகவே, "பெரியப்பா, வீட்டுக்கு விளக்கெரிக்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்காது" என்பதே அவர்க்கு நாம் இறுக்கவேண்டிய நேரிய விடை. அடுத்த விடுமுறையில் அதனை நேரிற் சென்று கூறுவோம். 44.95 இலட்சம் ரூபாய் விலையில் வந்த வண்டி அவர்க்கு எட்டாததே. எனினும் அவர் கேட்டது வண்டியை அன்று. தம் நிலத்திற்கு வேண்டும் பயனை.

நண்பர்களே, நம்முட் பலர் நாளை பிறநாடு செல்வர். பலர் அங்கிருந்து வரும் பொருளை விலைகொடுத்து வாங்குவர். ஒரு பொருளின் புகழுரையைப் படிக்குங்கால் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளல் நலம். இஃது எந்த நிலத்திற்குச் செய்தது? எந்த மரக்காலால் அளந்தது? இதனை அநுபவிப்பவர் எவர்? இம்மூன்றிற்கும் விடை கண்டபின்னரே அது நமக்குச் சொகுசோ சுமையோ எனத் துணிதல் கூடும். அன்று திண்ணையில் கற்றறிந்த இருவர் ஏட்டுக் கணக்கோடு வாதிட்டிருக்க, கல்லாத முதியவர் ஒருவரே நிலத்தினின்று வினா எழுப்பினார். நம் நாட்டில் இவ்வண்டிகளை வகுக்கப் புகும் பொறியியலார், இத்தகைய வினாக்களையும் செவிமடுப்பாராயின், நாளைய வண்டியின் சிறப்புக்களை எண்ணும் பட்டியலில் ஆலங்குடிக்கும் ஓரிடம் உண்டாகும்.