மரபணுவைத் திருத்தலாமா?

ஓர் எழுத்து மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். மனித உடலிலும் அவ்வாறே நிகழ்கிறது. ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்து, அம்மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேருமானால், குழந்தையின் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. தாங்கொணா வலி வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. இதுவே அரிவாள் செல் சோகை. இந்தியாவில் இதன் கூறு 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே கண்டறியப்பட்டது. மத்திய இந்தியாவின் பழங்குடி மக்கள் இதனால் பெரிதும் துன்புறுகின்றனர்.

அறிவியலின் கொடை

ஜெனிஃபர் டௌட்னா, இமானுவேல் சார்பென்டியே ஆகிய இருவரும் 2012-இல் வெளியிட்ட ‘கிரிஸ்பர்’ முறை, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்த வழிவகுத்தது. இதற்காக 2020-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். இம்முறையில் அமைந்த அரிவாள் செல் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. நோயாளியின் குருத்தணுக்களை வெளியே எடுத்துத் திருத்தி, மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். கருவறையில் இருந்தபோது உருவான நல்ல ஹீமோகுளோபின் மீண்டும் பெருகுகிறது, வலி தணிகிறது.

‘நோய் வினைப்பயன் எனில், அதில் தலையிடலாமா?’ என்று சிலர் வினவுவர். துன்புறுவோனுக்கு உதவுவதே நம் கடமை. அவனது வினையை அளப்பது நம் பணியன்று.

எல்லை எது?

மேற்கண்ட திருத்தம் நோயாளியோடு முடிந்துவிடும். கருவில் செய்யும் திருத்தமோ தலைமுறைதோறும் தொடரும். 2018 நவம்பரில் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய், எய்ட்ஸ் கிருமி தொற்றாதிருக்கக் கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துள்ளதாக அறிவித்தார். உலகமே அதைக் கண்டித்தது. 2019-இல் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. பிறக்கவிருக்கும் குழந்தையிடம் எவரும் சம்மதம் பெற இயலாது. பிழை நேர்ந்தால் அதைச் சுமப்பதோ அக்குழந்தையும் அதன் சந்ததியுமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இத்தகைய கருவழித் திருத்தத்தைத் தடை செய்துள்ளன.

இயற்கையும் ஒரு பாடம் புகட்டுகிறது. அரிவாள் செல் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து அதுவே பாதுகாப்பளிக்கிறது. குறை என்று நாம் ஒதுக்குவதில் ஒரு காவலும் மறைந்திருக்கக்கூடும். ஆகவே பணிவு தேவை.

நிறம், உயரம், அறிவு ஆகியவற்றை விரும்பியவாறு அமைக்க முற்படும்போது, குழந்தை பெற்றோரின் ஆசைக்குரிய பொருளாகிவிடுகிறது. நோய் நீக்க எழுவது கருணை. பிறரை விஞ்ச எழுவது அகந்தை.

நீதியும் வேண்டும்

இச்சிகிச்சைக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஏறத்தாழ 22 லட்சம் டாலர். மலைக்குடிசையில் வலியால் துடிக்கும் சிறுவனுக்கு அது எட்டாக்கனி. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், பரிசோதனையையும் ஆலோசனையையும் அத்தகையோரிடம் கொண்டு செல்கிறது, இது போற்றத்தக்கது. சிகிச்சையும் அவர்களைச் சென்றடையும் நாளில்தான் இவ்வறிவியல் முழுமை பெறும்.

கத்தி மருத்துவரிடமும் இருக்கிறது, கள்வனிடமும் இருக்கிறது. ஆற்றலைப் பெறுவது அறிவு. அதை எங்கே நிறுத்துவது என்று அறிவதே விவேகம்.