மரச்சாமான்களுக்கு நீடித்துழைக்கும் மெழுகுப் பூச்சு

கதவு, நிலை, பத்தாயம், மேஜை முதலிய மரவேலைகளுக்குத் தேன்மெழுகு பூசினால் மரத்தின் ரேகை மறையாமல் மென்மையான பளபளப்பு உண்டாகும். கல்வராயன் மலையில் எடுக்கப்படும் மலைத்தேனின் அடையை உருக்கினாலே மெழுகு கிடைக்குமாதலால், மூங்கில்துறைப்பட்டுச் சுற்றுப்புறத்தார்க்கு இது அரிய பொருளன்று. ஆயினும் பூசிய சில மாதங்களில் பிசுபிசுத்துத் தூசி படிவதாகப் பலர் குறை கூறுகின்றனர். குற்றம் மெழுகினுடையதன்று; அதனைத் தனியே, தகாத இடத்தில் பூசுவதே காரணமாகும்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி சென்டிகிரேடில் உருகுவது; ஆனால் அதற்கு வெகுமுன்னரே இளகிவிடும். சித்திரை வெயில் நேரே படும் மேற்கு வாசற் கதவில் அது எவ்வாறு நிற்கும்? ஆகவே அதனுடன் கடின மெழுகொன்றைச் சேர்த்தல் அவசியம். பிரேசில் தேசத்துப் பனையொன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கர்னாபா மெழுகு 82 டிகிரிக்கு மேலேதான் உருகும். சுத்தி செய்த கரும்பு மெழுகும் ஏறக்குறைய அத்தகைய கடினமுடையதே. இவ்வூரிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் போன்ற ஆலைகளில் சாற்றை வடிகட்டும்போது தங்கும் சேற்றில் அம்மெழுகு கலந்துள்ளது. எனினும் அதனைப் பிரித்தெடுக்கத் திராவகங்களும் யந்திரங்களும் வேண்டும். வீட்டில் முயலுவது வீண். அச்சேறு வயலுக்கு எருவாவதே நலம்.

கலக்கும் முறை: தேன்மெழுகு 80 கிராம், கர்னாபா 20 கிராம் ஆகிய இரண்டையும் ஒரு பாத்திரத்திலிட்டு, அதனைக் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்குக. பின்னர் அடுப்பை முற்றும் அணைத்து, பாத்திரத்தை நெருப்பில்லாத வெளியிடத்திற்குக் கொண்டுபோய், 200 கிராம் கற்பூரத் தைலத்தைச் சிறிது சிறிதாக வார்த்துக் கிளறுக. தைலத்தின் ஆவி எளிதில் தீப்பற்றும்; அடுப்பருகே ஊற்றுவோர் வீட்டையே பணயம் வைக்கிறார்கள். கர்னாபாவை இவ்வளவுக்குமேல் கூட்டினால் தேய்த்து மெருகேற்றுவது கடினமாகும்.

கடைமெழுகில் பாரபின் கலப்பதுண்டு. சுத்தமென்று தெரிந்த மெழுகுத் துண்டொன்றை நீரிலிட்டால் மிதக்கும். அது மிதக்கவும் அமிழவும் இல்லாமல் நடுவில் நிற்கும்வரை நீரில் ஸ்பிரிட்டை வார்த்துக் கலக்குக. கடைத் துண்டு அந்நீரின் மேலே மிதந்தால் பாரபின் கலந்ததென்று கொள்ளலாம்.

மெழுகுப் படலம் மிக மெல்லியது. நீரைச் சற்று நேரமே தடுக்கும். ஆதலால் முதலில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாக இருமுறை தேய்த்து, ஒவ்வொரு முறையும் மிச்சத்தைத் துடைத்து, நன்றாய் உலரவிட்டு, அதன்மேல் மெழுகிடுக. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசையுண்டு. பூசுமுன் கற்பூரத் தைலம் நனைத்த துணியால் துடைத்தல் வேண்டும். எண்ணெய் துடைத்த கந்தைகளைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது. காய்கையில் தாமே சூடேறித் தீப்பிடிக்கும் இயல்பு அவற்றிற்குண்டு. வெளியில் விரித்து உலர்த்துக, அல்லது நீரில் முக்கிவைக்க.

ஏர், வண்டி, மழைபடும் வெளிக்கதவு ஆகியவற்றிற்கு மெழுகு வேண்டா. எண்ணெய் மட்டுமே போதும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் போன்ற செதுக்கு வேலைகளில் குழிவுகளில் மெழுகு தங்கி வெண்மை பூக்குமாகையால், மென்மையான தூரிகையால் மிகச் சிறிதே இடுதல் நன்று.

இன்னொன்று ஆற்றங்கரையார் அவசியம் கருத வேண்டியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து பெருநீர் வந்து தென்பெண்ணைக் கரையூர்களில் வெள்ளம் புகுந்தது. இவ்வாறு நனைந்த கதவுகளையும் பெட்டிகளையும் அழகு மீளவேண்டுமென்று அவசரமாக மெழுகிட்டால் உள்ளீரம் வெளியேறத் தாமதித்துப் பூஞ்சணம் பிடிக்கும். கழற்றக்கூடிய பலகை ஒன்றை நிழலில் காற்றோட்டமாக நிறுத்தி, வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றபின்னரே எண்ணெயும் மெழுகும் இடத் தொடங்குக. கிராம நிர்வாக அலுவலர்கள் சாவடி, பள்ளி முதலியவற்றின் மரச்சாமான்களைப் புதுப்பிக்கையிலும் இதனையே அனுசரித்தல் உசிதம். பின்னர் ஆண்டுக்கொருமுறை, பங்குனியில் பழைய பூச்சைத் தைலத்தால் துடைத்துப் புதிதாக ஒருமுறை தேய்த்தால் போதும்.