இரண்டு ரூபாய்த் தாளில் ஒரு செயற்கைக் கோள்

உங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய இரண்டு ரூபாய்த் தாள் கிடந்தால், அதைத் திருப்பிப் பாருங்கள். சில தாள்களில் புலி இருக்கும். வேறு சிலவற்றில் பட்டை தீட்டிய கல் போன்ற ஓர் உருவம் இருக்கும். அதுதான் இந்தியாவின் முதல் செயற்கைக் கோளான ஆரியபட்டா.

பெங்களூரை அடுத்த பீன்யாவில், தொழிற்பேட்டைக் கொட்டகைகளில், யு. ஆர். ராவ் அவர்களின் தலைமையில் இது உருவாயிற்று. எடை 360 கிலோ, முகங்கள் 26. இத்தனை முகங்கள் எதற்கு? சூரிய ஒளியை மின்சாரமாக்கும் கலங்கள் தட்டையான சில்லுகள். அவற்றைப் பதிக்கத் தட்டையான பரப்பு வேண்டும். கோள் எப்படித் திரும்பினாலும் சில முகங்களிலாவது வெயில் படவும் வேண்டும்.

1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டின் கபுஸ்தின் யார் தளத்திலிருந்து அது விண்ணேறியது. சில நாட்களிலேயே மின்சார அமைப்பில் கோளாறு ஏற்பட்டு, ஆராய்ச்சிக் கருவிகள் நின்றுவிட்டன. 1992-இல் கோள் காற்று மண்டலத்தில் நுழைந்து அழிந்தது.

நம் உத்திரமேரூர்ச் சோழர் கல்வெட்டுகளை ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் தொட்டுப் பார்க்கலாம். ஆரியபட்டாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காட்சிக் கூடங்களில் நாம் காணும் ஆரியபட்டா, விண்ணில் பறந்த கோளாக இருக்க முடியாது. கோள் செய்வோர், குலுக்கியும் சூட்டிலும் குளிரிலும் வைத்தும் சோதிப்பதற்கு முன்மாதிரிகளைச் செய்வர். அவை தரையிலேயே தங்கிவிடும். காட்சிக்கென்றே செய்த வெறும் உருவங்களும் உண்டு. சோதனையில் அடிபட்ட முன்மாதிரிக்கே வரலாற்று மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே அருகிலுள்ள பலகையைப் படிக்காமல் நகராதீர்கள்.

இத்தகைய பொருட்களைப் பார்க்க விரும்புவோர் திருவனந்தபுரம் அருகேயுள்ள தும்பாவுக்குச் செல்லலாம். ராக்கெட் தளம் அமைக்க இடம் தேடிய டாக்டர் விக்ரம் சாராபாய், மேதகு ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்களை அணுகினார். கடற்கரை மக்கள் தங்கள் புனித மகதலேனா மரியாள் ஆலயத்தையே விட்டுக்கொடுத்தனர். வழிபட்ட இடத்தைப் பிரிவது எளிதா? ஆலயம் பணிக்கூடமாயிற்று. ராக்கெட்டின் கூம்பு முனை சைக்கிளில் ஏறிச் சென்றது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் பாய்ந்தது. அந்த ஆலயக் கட்டடமே இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

சரி, பாட்டியின் தாளுக்கு வருவோம். அதற்கு இஸ்திரி போடாதீர்கள்; கிழிந்த இடத்தில் பசை நாடாவும் ஒட்டாதீர்கள். வெள்ளைத் தாளில் பொதிந்து, கனமான புத்தகத்தின் நடுவே வைத்தால் போதும்.