காலத்தோடு இசைந்த உழவு

விதைப்பவன் உழவன், விளைவிப்பவன் அவன் மட்டுமல்லன். மண், நீர், வெப்பம், காலம் ஆகியவை ஒத்துழைத்தாலன்றி எந்த விதையும் பயிராவதில்லை. இதை உணர்ந்த முன்னோர், தம் செயலை இயற்கையின் தாளத்தோடு இணைக்க வானத்தை நோக்கினர்.

கதிரவன் காட்டும் வழி

ஹைதராபாத்தைச் சூழ்ந்த தெலங்கானாவில் உழவர்கள் ஆண்டை 27 கார்த்திகளாகப் பகுத்துள்ளனர். ஒரு நட்சத்திரத்தில் சூரியன் தங்கும் 13 அல்லது 14 நாட்களே ஒரு கார்த்தி. 'ரோகிணிக் கார்த்தியில் உரலும் வெடிக்கும்' என்பது தெலுங்குப் பழமொழி. அது மே மாத இறுதியின் கடுங்கோடை. அதன்பின் ஜூன் 8-ஆம் நாளையொட்டி மிருகசீரிடக் கார்த்தி பிறக்கிறது. தென்மேற்குப் பருவமழை அப்பகுதியை எட்டுவதும் பெரும்பாலும் அந்நாட்களிலேயே. தமிழகத்தின் ஆடிப்பட்டமும் இத்தகைய நெடுங்கால அனுபவத்தின் பயனேயாகும்.

சந்திரன் காட்டும் வழி

சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஏறத்தாழ 27 நாட்களில் கடக்கிறான். அவற்றில் ஒன்பது மேல்நோக்கு, ஒன்பது கீழ்நோக்கு, ஒன்பது சமநோக்கு என்று பஞ்சாங்கம் வகுக்கிறது. மண்ணுக்கு மேல் விளைவனவற்றிற்கு மேல்நோக்கு நாளும், கிழங்கு நடவுக்கும் கிணறு தோண்டுவதற்கும் கீழ்நோக்கு நாளும் உகந்தவை என்பது மரபு.

மேலைநாட்டிலும் இதையொத்த சிந்தனை எழுந்தது. 1924 ஜூன் மாதம், இன்று போலந்தில் உள்ள கோபர்விட்ஸ் என்னும் ஊரில் ருடால்ஃப் ஸ்டைனர் உழவர்களுக்கு எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். உயிராற்றல் வேளாண்மை எனப்படும் பயோடைனமிக் முறைக்கு அவையே அடிப்படை. பின்னர் ஜெர்மனியின் மரியா துன் அம்மையார், சந்திரன் நிற்கும் ராசியைக் கொண்டு நாட்களை வேர், இலை, மலர், கனி என நான்காகப் பிரித்து விதைப்பு நாட்காட்டி வகுத்தார்.

இம்முறையில் பசுஞ்சாணத்தைப் பசுவின் கொம்பில் நிரப்பிக் குளிர்காலம் முழுதும் மண்ணில் புதைத்து வைப்பர். மக்கிய அவ்வுரத்தில் ஏக்கருக்கு ஏறத்தாழ 25 கிராம் எடுத்து, நீரில் இட்டு, ஒரு மணி நேரம் வலமும் இடமுமாகச் சுழற்றிக் கலக்கி, மாலையில் நிலத்தில் தெளிப்பர். ஹைதராபாத்தில் 1998-இல் தோன்றிய நாந்தி அறக்கட்டளையின் துணையுடன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி உழவர்கள் இம்முறையைக் காப்பித் தோட்டங்களில் கைக்கொண்டனர். அவர்கள் விளைவித்த காப்பிக்கு 2017-இல் பாரிஸ் நகரில் தனிக் கடையே திறக்கப்பட்டது.

பயன் எங்கிருந்து வருகிறது?

இவ்விடத்தில் விவேகம் தேவை. சுவிட்சர்லாந்தின் தெர்வில் என்னும் ஊரில் 1978 முதல் உயிராற்றல், இயற்கை, வழக்கமான வேளாண் முறைகள் அருகருகே ஒப்பிடப்படுகின்றன. முதல் 21 ஆண்டுகளின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. இயற்கைசார்ந்த முறைகளில் விளைச்சல் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. ஆயினும் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 விழுக்காடு வரை மிச்சமாயின. மண்ணில் உயிர்கள் பெருகின. மண்வளத்தின் இப்பயனில் மக்குரத்திற்குப் பங்குண்டு. சந்திரனின் நிலை விளைச்சலைக் கூட்டுகிறது என்பது இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை.

கார்த்திக் கணக்கும் என்றென்றும் மாறாததன்று. நட்சத்திர ஆண்டுக்கும் பருவ ஆண்டுக்கும் உள்ள சிறு வேறுபாட்டால், சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் கார்த்தி பருவத்தைவிட்டு விலகுகிறது. ஆயிரம் ஆண்டுகளில் ஒரு கார்த்தியே தள்ளிப்போகும்.

மானாவாரி உழவனுக்கு இது வாழ்வுப் பிரச்சினை. மிருகசீரிடம் பிறந்துவிட்டது என்று முதல் தூறலிலேயே விதைத்து, பின் மழை பொய்த்தால் முளை கருகும். மறுவிதைப்புக்கு மீண்டும் கடன் வாங்க நேரும். அவ்வாறே, மண் நனைந்து பக்குவமாக இருக்கையில் நல்ல நாளுக்காகக் காத்திருந்தால் ஈரம் கைவிட்டுப் போகும். 60 முதல் 75 மி.மீ. மழை பெய்து மண் ஆழமாக நனைந்த பின்னரே விதைக்க வேண்டும் என்று வேளாண் அறிஞர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

நாட்காட்டி விழித்தெழச் செய்யும் மணியோசை போன்றது. அது ஒலித்ததும் உழவன் வயலுக்குச் சென்று, ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்க்கிறான். அன்று விதைப்பதா காத்திருப்பதா என்பதை அந்த ஈரமே அவனுக்குச் சொல்கிறது. நியமமும் விழிப்புணர்வும் ஒருங்கே அமைந்த இந்த உழவே பயன் தரும். எந்தச் சாதனைக்கும் இது பொருந்தும்.