மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை: முதல் நாள் வரை முழுமையான வழிகாட்டி

ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்களா? இனி நடக்கப்போவதை வரிசையாக, சேர்ந்தே பார்த்துவிடுவோம்.

எந்த அறுவை சிகிச்சை?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டியையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல திசுவையும் மட்டும் எடுப்பது. இதற்குப் பிறகு பெரும்பாலும் கதிர்வீச்சு இருக்கும். மற்றது, மார்பகம் முழுவதையும் எடுப்பது. முழுவதும் எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று அஞ்ச வேண்டாம். இத்தாலியில் டாக்டர் வெரோனேசியும் அமெரிக்காவில் டாக்டர் ஃபிஷரும் ஆரம்ப நிலை நோயாளிகளை 20 ஆண்டுகள் கவனித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆயுளில் இரு வழிக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே, "எனக்கு மார்பகத்தைக் காப்பாற்ற முடியுமா?" என்று தயங்காமல் கேட்போம்.

அக்குளில் சில நிணநீர் முடிச்சுகளை மட்டும் சோதிப்பார்களா, பலவற்றை எடுப்பார்களா என்பதையும் கேட்போம். அதிகம் எடுத்தால் பின்னாளில் கை வீங்கும் வாய்ப்பும் அதிகம்.

எவ்வளவு செலவாகும்?

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழை முன்பே எடுத்துவைப்போம்.

தனியார் மருத்துவமனை என்றால் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குவோம். அறை வாடகை, மயக்க மருந்து நிபுணர், திசுப் பரிசோதனை எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதியையும் அட்மிஷனுக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது.

முந்தைய நாள்

சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்பிரின் என எந்த மாத்திரை எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லி, எதை நிறுத்துவது என்று கேட்டுக்கொள்வோம். நகப்பூச்சு வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு அது இடைஞ்சல். தாலி உட்பட நகைகளை வீட்டாரிடம் கொடுத்துவிடுவோம். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகள் இரண்டு எடுத்துக்கொள்வோம்.

அன்று காலை

திட உணவைக் குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்வோம். எந்தப் பக்கம் என்று டாக்டர் பேனாவால் குறியிடுவார்; அது சரியான பக்கம்தானா என்று நாமும் பார்ப்போம்.

கண் விழித்ததும்

வாய் உலர்ந்திருக்கும், குமட்டலாம். சொன்னால் ஊசி போடுவார்கள். வலியை 0 முதல் 10 வரை எண்ணில் கேட்பார்கள். பொறுத்துக்கொண்டு குறைத்துச் சொல்ல வேண்டாம். வலி குறைந்தால்தான் நன்றாக மூச்சு விட முடியும், எழுந்து நடக்க முடியும்.

அக்குள், மேல் கையின் உட்புறம் மரத்திருக்கலாம். நிணநீர் முடிச்சுகளைக் கண்டறிய நீலச் சாயம் செலுத்தியிருந்தால் சிறுநீர் ஓரிரு நாள் பச்சையாகவோ நீலமாகவோ போகும். பயப்பட ஒன்றுமில்லை.

முதல் 24 மணி நேரம்

டாக்டர் சரி என்றதும் முதலில் தண்ணீர், பிறகு கஞ்சியோ இட்லியோ. அன்று மாலையோ மறுநாள் காலையோ ஒருவர் துணையுடன் சில அடிகள் நடப்போம். கையை மடக்கி நீட்டுவது, விரல்களை மூடித் திறப்பது போன்றவற்றை மெதுவாகத் தொடங்கலாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் வரை தோளுக்கு மேலே கையைத் தூக்க வேண்டாம்.

பக்கத்தில் சிறு குழாயும் பையும் தொங்கினால் அதுதான் டிரெய்ன். உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றுகிறது. தினமும் அளவைக் குறித்துவைப்போம்; பொதுவாக நாளைக்கு 30 மி.லி.க்குக் கீழே இறங்கியதும் எடுப்பார்கள்.

கவனம்!

பை திடீரென ரத்தத்தால் நிரம்பினாலும், மார்பு சட்டென்று வீங்கி இறுகினாலும், மூச்சுத் திணறினாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுவோம். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, காயம் சிவந்து சீழ் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போவோம்.

அடுத்து என்ன?

திசுப் பரிசோதனை அறிக்கை வர ஓரிரு வாரம் ஆகலாம். கீமோ, ஹார்மோன் மாத்திரை, கதிர்வீச்சு எவை தேவை என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள். அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கி நம் ஃபைலில் வைத்துக்கொண்டு, அடுத்த சந்திப்புக்குக் கேள்விகளை எழுதிக்கொண்டு போவோம். கடினமான முதல் படியைக் கடந்துவிட்டோம்; அடுத்த படிகளும் இதேபோல் ஒவ்வொன்றாகத்தான் வரும்.