மார்கழிக் குளிர்: ஹீட் பம்ப் இருக்கட்டும், கரிச்சட்டி எங்கே?

கார்த்திகை இடிமழை ஓயப்போகிறது. இனி நக்கிள்ஸ் பக்கமிருந்து மூடுபனி இறங்கும். மடுல்கெல்ல, பன்வில தகரக் கூரைகள் மத்தியானம் வரை சொட்டும். தை முடியும்வரை இரவில் குளிர் விடாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் தயவில் சில வீடுகளுக்கும், சுற்றுலாக்காரருக்கு அறை விடுகிறவர்களுக்கும் ஹீட் பம்ப் வந்துவிட்டது. பெயர்தான் புதிது, ஆள் பழையவர்.

வீட்டு ஃபிரிட்ஜின் முதுகிலோ பக்கத்திலோ கையை வைத்துப் பாருங்கள். சுடும். உள்ளே வைத்த பாலிலிருந்தும் மரக்கறியிலிருந்தும் பிடுங்கி வெளியே தள்ளிய சூடு அது. ஹீட் பம்ப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு வெளிக்காற்றுதான் ஃபிரிட்ஜின் உள்பக்கம், உங்கள் காம்பராதான் முதுகுப்பக்கம். 12 பாகைக் குளிரில் சூடு ஏது என்று கேட்பீர்கள். குழாயில் ஓடும் வாயு அதைவிடக் குளிர்ந்து ஓடுவதால், அந்தக் காற்றிலிருந்தும் சூடு அதற்குள் ஏறும். பிறகு கம்ப்ரசர் வாயுவை நெருக்கும். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுகிறதல்லவா, அதேதான். அந்தச் சூட்டை உள்ளே இறக்கிவிட்டு வாயு மறுபடி வெளியே போகிறது. இயந்திரம் சூட்டை விளைவிப்பதில்லை, கூலிக்குச் சுமக்கிறது. அதனால்தான் 1 யூனிட் கரண்டுக்கு ஏறத்தாழ 3 யூனிட் சூடு கிடைக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2 கிலோவாட் கம்பிச்சுருள் ஹீட்டர் இரவில் 3 மணி நேரம் எரிந்தால் 6 யூனிட், மாதத்துக்கு 180. அதே சூட்டை ஹீட் பம்ப் 60 யூனிட்டில் தரும். மின்சார சபையின் கட்டணப் படிகளில் 60 எங்கே இருக்கிறது, 180 எங்கே இருக்கிறது என்று பில் கட்டுகிறவருக்குச் சொல்லத் தேவையில்லை.

வாங்கப்போகிறவருக்கு ஒன்று. ஹீட் பம்ப் என்பது சூடும் தரக்கூடிய ஏசிதான், ஆனால் கண்டிக் கடைகளில் இருக்கும் எல்லா ஏசியும் அப்படியில்லை. பல, குளிர் மட்டும் தருபவை. ரிமோட்டில் சூரியப் படம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், ஒரே ரிமோட்டைப் பல மொடலுக்கும் கொடுப்பார்கள். வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில், குளிர்த்தும் அளவோடு சூடாக்கும் அளவும் தனியாக எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் காசை மடியிலேயே வைத்திருங்கள்.

இருக்கிறவர்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது: ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள், பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. வெளிப்பெட்டியைச் சுற்றிச் சருகு, சாக்கு, விறகு எதுவும் வேண்டாம். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் கரண்ட் பாஸைக் கூப்பிடுங்கள். ஓட்டோவில் விடாமல் சூரியப் படத்தில் வையுங்கள். 20, 22 பாகை போதும். 30இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது வீண் நம்பிக்கை. சூடு மேலே ஏறும், ஆகவே காற்றுவாயைக் கீழே திருப்புங்கள். போட்டவுடன் ஊதாது, சில நிமிடம் பொறுக்க வேண்டும். வெளிப்பெட்டியில் தண்ணீர் சொட்டினால் பழுதில்லை. கரண்ட் போய் வந்தால் 5 நிமிடம் விட்டுப் போடுங்கள். இடி கேட்டால் தொடர்பைத் துண்டியுங்கள்.

இவ்வளவுதான். ட்ரிப் சுவிட்சைத் தவிர, இதில் எதைப் பிழையாகச் செய்தாலும் பில் கூடும், அல்லது பெட்டி பழுதாகும். ஆள் சாகமாட்டார். இனிச் சொல்வது ஆள் சாகிற விஷயம்.

போன மார்கழியில் ஒரு வீட்டுக்குப் போனேன். சூடு போகக்கூடாதென்று கதவிடுக்கில் பழைய சாரம், சன்னல் விளிம்பெல்லாம் டேப். நல்ல வேலைதான். முதல் நாள் இரவு மரம் விழுந்து கரண்ட் போயிருக்கிறது. ஹீட் பம்ப் நின்றதும் சிரட்டைக்கரித் தணலைச் சட்டியில் அள்ளிக் காம்பராவுக்குள் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். விடியும்போது மூன்று பேருக்கும் தலை தூக்க முடியவில்லை, வாந்தி. இரவு தின்ற மீன் சரியில்லை என்றார்கள். மூலையில் கூண்டு. லவ் பேர்ட்ஸ் இரண்டும் செத்துக் கிடந்தன. அதுகள் குளிரில் செத்ததாம்.

குளிரில் இல்லை. மூடிய காம்பராவில் தணல் கக்கும் காபன் மொனொக்சைட்டில். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண்ணும் எரியாது. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்ட வேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம், அப்புறம் எழும்புவதில்லை. சின்னப் பறவைகள் மனிதருக்கு முன்னே விழும். அந்த வீட்டார் பிழைத்தது, யாரோ ஒருவர் இரவில் வெளியே போய்விட்டுக் கதவைச் சரியாகச் சாத்தாததால்.

படுக்கும் காம்பராவுக்குள் தணல் கூடாது.

"புகையே இல்லையே, தம்பி" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார்கள். ஐயா, புகை வந்தால் இருமி எழும்புவீர்கள்! புகையில்லாத தணல்தான் தூங்க வைத்துக் கொல்கிறது. தேயிலை மிலாறுத் தணலும் ஒன்றுதான், பார்பிக்யூ கரியும் ஒன்றுதான். கொஞ்சம் சாம்பல் தூவிவிட்டால் போதும் என்பதும் கதை. பிள்ளை பெற்றவள் காம்பரா என்று விதிவிலக்கும் கிடையாது. குழந்தைக்குத்தான் முதலில் ஆபத்து. பாட்டிமார் என்னோடு கோபித்தாலும் பரவாயில்லை. ஜெனரேட்டரை இஸ்தோப்பில் ஓட்டுகிறவருக்கும் இதே ஏச்சு. அது முற்றத்துக்கு, சன்னலை விட்டுத் தூரத்துக்குப் போக வேண்டும்.

ஹீட் பம்ப் இல்லாத லயத்துக்காரர் இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்கள் வீட்டில் இடுக்கு அதிகம், அது உண்மை. ஆனால் குளிர் கூடினால் அந்த இடுக்கையெல்லாம் சாக்கால் அடைப்பவரும் நீங்கள்தானே.

கரண்ட் போனால் எல்லாரும் ஒரே காம்பராவில் படுங்கள். கம்பளியை இரண்டாக மடித்துப் போர்த்துங்கள். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வையுங்கள். மின்சார சபைக்கு 1987இல் அடித்துச் சொல்லுங்கள். தணல் காயத்தான் வேண்டுமென்றால் குசினியில், கதவைத் திறந்து வைத்து, விழித்திருந்து காயுங்கள். படுக்கப் போகும்போது சட்டி முற்றத்துக்கு.

ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலை சுற்றினால் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கதவைத் திறங்கள், ஆட்களை வெளியே இழுங்கள், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். நன்றாகிவிட்டது என்று சொன்னாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்று வெளிச்சம் இருக்கும்போதே படுக்கைக் காம்பரா சன்னலைத் திறந்து பாருங்கள். மழையில் பலகை ஊறி இறுகியிருக்கும். திறக்கவில்லையென்றால் நாளைக்கே சீவி எடுக்க வேண்டும்.