கட்டுமரத்துக்கு ஏற்ற மாற்று மரம்

ஒரு பொருளுக்கு எந்த மரம் ஏற்றது என்பதை அப்பொருள் ஆற்றவேண்டிய பணியே முடிவு செய்கிறது. புகைபிடிக்கும் சுங்கானுக்கு எளிதில் கருகாத மரம் வேண்டும். நாகசுரத்துக்கு வைரம் பாய்ந்த ஆச்சா மரம் வேண்டும். நம் செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையின் கட்டுமரத்துக்கோ வைரம் பாய்ந்த மரம் ஆகாது. அது ஏன் என்பதையும், உரிய மரம் அருகிய காலத்தில் எதை மாற்றாகக் கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

படகு தன் உட்குழிவால் மிதக்கிறது. ஆதலின் அதைத் தேக்கிலும் செய்யலாம், இரும்பிலும் செய்யலாம். கட்டுமரத்துக்கு உட்குழிவு இல்லை. கயிற்றால் பிணைத்த மரங்களே அதன் உடல். அம்மரங்கள் தாமும் மிதந்து, ஆளையும் வலையையும் மீனையும் சுமக்க வேண்டும்.

இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் மரம் முழுதும் அமிழ்ந்தால் ஏறத்தாழ 1,025 கிலோ கடல்நீரை விலக்கும். அதில் மரத்தின் எடை போக எஞ்சுவதே அது தாங்கும் சுமை. 350 கிலோ எடையுள்ள மென்மரம் 675 கிலோ தாங்கும். 650 கிலோ எடையுள்ள தேக்கு 375 கிலோதான் தாங்கும். மாமல்லபுரத்து மணலில் செழிக்கும் சவுக்கு 900 கிலோ அளவில் இருப்பதால் 125 கிலோவே தாங்கும். வீட்டுக் காலுக்கும் சாரத்துக்கும் உதவும் வலிமையே கடலில் குறையாகிவிடுகிறது!

அவ்வாறாயின் இலேசான மரமெல்லாம் ஏற்றதா? அன்று. இலவம் இலேசானது, எனினும் விரைவில் நீர் உறிஞ்சி அழுகும். நீர் ஏற ஏற மிதப்பு குறையும். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவது இதனாலேயே. எனவே இலேசு, நேரான நீளம், பருமன், நீரை மெல்ல ஏற்கும் தன்மை ஆகிய நான்கும் ஒருங்கே அமைய வேண்டும்.

தணக்கும் மலைவேம்பும் பழமையாகப் பயன்பட்டவை. காடுகளில் பருத்த மரங்கள் அருகியபின், மொலுக்கா தீவுகளைத் தாயகமாகக் கொண்ட அல்பீசியா கேரளத்திலிருந்து வந்து அவ்விடத்தைப் பிடித்தது. அது நன்கு மிதக்கும். ஆயின் மென்மை மிகுதியால் அலையிலும் மணலிலும் விரைவில் தேயும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றுக்கு எஞ்சினும் எரிபொருளும் வேண்டும். துடுப்பும் காற்றும் கொண்டு கரையோரம் மீன்பிடிக்கும் எளியவருக்குக் கட்டுமரம் செலவு குறைந்த துணை. அவருக்கு மரம் கிடைக்குமா?

கிடைக்கும் என்பதே என் கருத்து. ஒட்டுப்பலகைக்காக உழவர்கள் இன்று மலைவேம்பைப் பரவலாக வளர்க்கின்றனர். சில ஆண்டுகளிலேயே வெட்டிவிடுவதால் அது கட்டுமரத்துக்கு வேண்டிய பருமனை எட்டுவதில்லை. தோப்புக்குப் பத்து மரங்களை வெட்டாது பருக்கவிட்டால் போதும். நாம் தேடும் மாற்று மரம் நம் வயலிலேயே நிற்கும்.